ட்யூட்டி முடிந்தபின் இடுப்பில் துப்பாக்கி: அமெரிக்கப் போலீஸும் சிறை அலுவலர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) சிறையில் 19 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நான் சேர்ந்தபோது எங்கள் சிறையில் தமிழ் பேசும் ஆள் நான் ஒருவன்தான். இப்போது ஷெரிஃப் அலுவலகம், மாநிலச் சிறைத்துறை, நகரப் போலீஸ் என்று நம் பிள்ளைகள் பலர் சேர்கிறார்கள். பொங்கல் விழாவில் தட்டோடு நிற்கும்போதும், இரவு பத்து மணிக்குப் போனிலும் அவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: சீருடையைக் கழற்றிய பிறகு துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போகலாமா, எங்கே போகலாம், எங்கே போனால் கைதாவோம்?

நான் வக்கீல் இல்லை. உங்கள் மாநிலச் சட்டத்தையும் துறையின் எழுத்து உத்தரவையும் நீங்களே படித்தாக வேண்டும். படிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

லியோசா, லியோசா என்கிறார்களே, அது என்ன?

சட்ட அமலாக்க அலுவலர்கள் பாதுகாப்புச் சட்டம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் லியோசா. 2004 ஜூலை 22 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். பழைய ஆட்கள் இன்னமும் மசோதா எண்ணை வைத்து 'எச்.ஆர். 218' என்பார்கள். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் பிரிவு 926பி பணியில் இருப்பவர்களுக்கு, 926சி பணியிலிருந்து விலகியவர்களுக்கு.

அதற்கு முன்பு இருந்த நிலையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்வதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்க்கும் போலீஸ்காரர் டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூஜெர்சியில் கால் வைத்தால், அந்தக் கரையில் அவர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண ஆள். லியோசா வந்த பிறகு, தகுதியுள்ள அலுவலர் மாநில, உள்ளூர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும் நாடு முழுவதும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லலாம். போர்ட்டோ ரிக்கோவும் தலைநகர் வாஷிங்டனும் இதில் அடங்கும்.

'மறைத்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டைக்கு மேலே வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு போவதற்கு இந்தச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தராது.

பேட்ஜ் வைத்திருந்தாலே போதுமா?

போதாது. பேட்ஜ் என்ற சொல்லையே சட்டம் தகுதியாகச் சொல்லவில்லை. நீங்கள் அரசு அமைப்பின் ஊழியராக இருக்க வேண்டும். குற்றங்களைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, விசாரிப்பது, வழக்கு நடத்துவது, குற்றத்துக்காக ஒருவரைச் சிறையில் வைப்பது ஆகியவற்றில் ஒன்றைச் செய்யவோ மேற்பார்வையிடவோ சட்டப்படி அதிகாரம் இருக்க வேண்டும். அதோடு சட்டம் கொடுத்த கைது அதிகாரமும் வேண்டும். துப்பாக்கி எடுத்துச்செல்ல உங்கள் துறை அனுமதி கொடுத்திருக்க வேண்டும். போலீஸ் அதிகாரத்தை நிறுத்திவைப்பதற்கோ பறிப்பதற்கோ இட்டுச்செல்லக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மேல் நடந்துகொண்டிருக்கக் கூடாது. துறை சுடும் தேர்வு வைத்தால் அதில் தேறியிருக்க வேண்டும். குடித்திருக்கக் கூடாது. மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்கவே தடை உள்ளவராகவும் இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்து, துறை கொடுத்த புகைப்பட அட்டையும் கையில் இருந்தால்தான் சட்டம் உங்கள் பக்கம்.

ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கூட வரும் லைசென்ஸ் மாதிரி இதை நினைத்துவிடாதீர்கள். நிபந்தனைகள் அந்தந்த நிமிஷத்துக்கானவை. காலையில் தகுதியோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர் ராத்திரி ஒன்பது மணிக்குத் தகுதி இல்லாதவராகத் திரும்பி வரலாம்.

சிறை அலுவலர் இதில் வருவாரா, மாட்டாரா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. தவறான பதில் அதிகம் உலவுவதும் இதற்குத்தான்.

'சிறையில் வைப்பது' என்று சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு 'நாமும் உள்ளே' என்று பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். அதே வாக்கியத்தில் அடுத்து வரும் சட்டப்படியான கைது அதிகாரத்தைக் கவனிப்பதில்லை. அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டா என்பதை உங்கள் மாநிலச் சட்டம்தான் சொல்லும். பதில் மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் பதவிக்குப் பதவி மாறும்.

கலிபோர்னியாவில் தண்டனைச் சட்டத்தின் 830.5ஆவது பிரிவு சிறை அலுவலர்களையும் பரோல் அலுவலர்களையும் 'அமைதி அலுவலர்', அதாவது சட்ட அமலாக்க அதிகாரம் உள்ளவர், என்கிறது. அந்தப் பிரிவின்படி துப்பாக்கி எடுத்துச்செல்லும் எவரும், ட்யூட்டியிலோ வெளியிலோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தத் துப்பாக்கியால் சுட்டுத் தேற வேண்டும். மத்திய சிறைத்துறைக்கு 18ஆம் தலைப்பின் 3050ஆவது பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட குற்றங்களுக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரத்தைத் துறையின் 'அலுவலர் அல்லது ஊழியர்' என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறது அது. அதனால் மத்தியச் சிறையில் வேலை பார்க்கும் நர்ஸும் சமையல் மேற்பார்வையாளரும்கூட இந்தக் கேள்வியைக் கேட்க இடம் இருக்கிறது. மாநிலச் சிறை நர்ஸுக்கு அந்த இடம் கிடைப்பது கடினம்.

வாஷிங்டனில் நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நகரச் சிறைத்துறையிலிருந்து ஓய்வு பெற்ற நான்கு அலுவலர்கள் லியோசா சான்றுக்கு விண்ணப்பித்தார்கள். 'உங்களுக்குக் கைது அதிகாரம் இருந்ததே இல்லை' என்று துறை மறுத்துவிட்டது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016இல் டி.சி. சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பகுதி வாரியாகப் பிரிந்தவை, ஒவ்வொன்றையும் 'சர்க்யூட்' என்பார்கள்), இந்த உரிமைக்காக வழக்குப் போட அவர்களுக்கு வழி உண்டு என்றது. 2019இல் வழக்கின் உள்விஷயத்திலும் அவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. கைது அதிகாரம் என்றால் தெருவில் ரோந்து போகும் போலீஸின் முழு அதிகாரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நிலைநாட்டியதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வழக்கு கொடுத்த பெரிய விஷயம். ஆனால் டி.சி. சர்க்யூட்டின் தீர்ப்பு மற்ற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

தனியார் நிறுவனம் நடத்தும் சிறையில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் பதில் சின்னது. நீங்கள் அரசு அமைப்பின் ஊழியர் இல்லை, லியோசா உங்களுக்குப் பொருந்தாது. அந்த மாநிலத்தின் சாதாரண லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அட்டையில் வெறும் 'கரெக்‌ஷன்ஸ்' (சிறைத்துறை) என்றுதான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 2013 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பணியில் இருப்பவரின் அட்டை அவரைப் 'போலீஸ் அலுவலர்' அல்லது 'சட்ட அமலாக்க அலுவலர்' என்று அடையாளம் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

எனக்கு முதலில் கொடுத்த அட்டை இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீலப் பட்டை, மங்கிய போட்டோ, பெயர், ஊழியர் எண், கீழே 'கரெக்‌ஷன்ஸ்'. பின்பக்கம் 'கண்டெடுத்தால் தபால் பெட்டியில் போடவும்'. அவ்வளவுதான். நூலக அட்டைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த அட்டையை மட்டும் நம்பி மூன்று வருடம் பக்கத்து மாநிலத்துக்குத் துப்பாக்கியோடு போய்வந்திருக்கிறேன். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நடுரோட்டில் ராத்திரி நேரத்தில் அந்த மாநிலப் போலீஸ்காரருக்கு எங்கள் மாநிலச் சட்டத்தை நான் பாடமாக எடுத்திருக்க வேண்டும். எங்கள் சங்கம் கேட்டுக் கேட்டுத்தான் பிறகு புது அட்டை வந்தது. 'சட்ட அமலாக்க அலுவலர், இன்ன பிரிவின்படி கைது அதிகாரம் உள்ளவர்' என்று பின்பக்கத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காக நாங்கள் எழுதிய கடிதங்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கும்.

உங்கள் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்த வார்த்தை இல்லை என்றால் மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிறைக்குள்ளே துப்பாக்கியே கிடையாதே. வெளியே மட்டும் சிறை அலுவலருக்கு எதற்கு?

என் மனைவியும் முதலில் இதைத்தான் கேட்டாள். நம்மூரில் காவலர் ட்யூட்டி முடிந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்ற நினைப்பு நமக்கு.

சிறை அலுவலர் ஒரே கைதியை வருடக்கணக்கில் தினமும் பார்க்கிறார். உங்கள் பெயர், முகம், நடை, ஷிஃப்ட் நேரம் எல்லாம் அவருக்குத் தெரியும். பிறகு அவர் விடுதலையாகி நீங்கள் வாழும் அதே கவுண்டிக்குத்தான் வருகிறார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பால் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் ஒருவர், சிறையில் கூப்பிடும் அதே ராகத்தில். திரும்பினால், இரண்டு மாதம் முன்பு நான் தேடுதல் நடத்தி செல்போனைப் பறித்தவர். சிரித்தார். மகளைப் பார்த்து 'எந்த ஸ்கூல்மா?' என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். அன்றைக்கு எனக்கு முதுகு வியர்த்தது.

எல்லோருக்கும் கதை அப்படிச் சிரிப்போடு முடிவதில்லை. 2013 பிப்ரவரி 26 அன்று போர்ட்டோ ரிக்கோவின் குவாய்னாபோ மத்தியச் சிறையின் லெப்டினன்ட் ஓஸ்வால்டோ அல்பராட்டி வேலை முடித்துக் காரில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். செல்போன் போன்ற தடைசெய்யப்பட்ட பொருட்களை அவர் பிடித்ததற்காகக் கைதிகள் ஆள் வைத்துச் செய்தது அது. மூன்று வாரம் கழித்து, மார்ச் 19 அன்று, கொலராடோ மாநிலச் சிறைத்துறைத் தலைவர் டாம் கிளெமென்ட்ஸ் தன் வீட்டு வாசல் மணி அடித்ததும் கதவைத் திறந்தார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பரோலில் வெளியே வந்தவர். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆபத்து சிறைச் சுவரோடு நிற்பதில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் துப்பாக்கியை எங்கே வைப்பது?

அல்பராட்டி கொலைக்குப் பிறகு இந்தக் கேள்விக்கே ஒரு சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் நிறைவேறிய 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டத்துக்குள் அவர் பெயரால் ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு மத்தியச் சிறையும் பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஊழியர்கள் துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும், இல்லை என்றால் காரில் அங்கீகரிக்கப்பட்ட பூட்டுப் பெட்டி வைக்க அனுமதிக்க வேண்டும். வேலிக்கு வெளியே உள்ள வளாகத்தில் மறைத்து எடுத்துச்செல்லவும் விட வேண்டும். வீட்டிலிருந்து சிறை வாசல் வரை வரும் வழியில் வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் நோக்கம்.

மாநில, கவுண்டி சிறைகளுக்கு இது பொருந்தாது. அங்கே உங்கள் துறை விதிதான். காரில் வைக்கச் சொன்னால் சீட்டுக்கு அடியிலோ கையுறைப் பெட்டியிலோ வைக்காதீர்கள். கார் சட்டத்தோடு இரும்புக் கேபிளால் கட்டிய பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறை வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் கார்களில் துப்பாக்கி இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும்.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

'நாடு முழுவதும்' என்றால் எல்லா இடத்துக்கும் என்று அர்த்தமில்லை. இரண்டு வகை மாநிலச் சட்டங்களை லியோசா தொடவே இல்லை. தனியார் தங்கள் இடத்தில் துப்பாக்கியைத் தடை செய்ய வழி கொடுக்கும் சட்டம் ஒன்று. மாநில, உள்ளூர் அரசின் கட்டடம், நிலம், பூங்கா ஆகியவற்றில் துப்பாக்கியைத் தடை செய்யும் சட்டம் மற்றொன்று. ஆகவே நகர நூலகம், கவுண்டி பூங்கா, ஓட்டுநர் லைசென்ஸ் தரும் டி.எம்.வி. அலுவலகம் எல்லாம் அந்தந்த மாநில விதிப்படிதான்.

அடுத்து மத்தியச் சட்டம். லியோசா மாநிலச் சட்டத்தை மட்டும்தான் ஒதுக்கி வைக்கிறது, மத்தியச் சட்டத்தை அசைப்பதில்லை. மத்திய அரசுக் கட்டடம், மத்திய நீதிமன்றம் எதற்குள்ளும் சொந்த வேலையாகப் போகும்போது துப்பாக்கி கூடாது. அஞ்சலக விதி கட்டடத்தோடு நிற்காமல் வண்டி நிறுத்துமிடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஊருக்குப் பார்சல் போடப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது?

நல்ல அலுவலர்கள் தெரியாமல் மாட்டக்கூடிய இடம் இது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தில் போலீஸுக்கு விலக்கு உண்டு, ஆனால் 'அலுவல் கடமையில் இருக்கும்போது' மட்டும். விடுப்பு நாளில் அரைக்கால் சட்டையோடு பிள்ளையை இறக்கிவிட வந்த நீங்கள் கடமையில் இல்லை. லியோசா இதற்கு விலக்கு தரவில்லை.

அதே சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. அதனால்தான் என்னிடம் கேட்பவர்களிடம், லியோசா இருந்தாலும் சொந்த மாநில லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள் என்கிறேன். பள்ளி வளாகத்துக்குள் நுழைவதற்கு மாநிலச் சட்டம் தனியாக என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லை என்றால், குண்டுகளை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டிக்குள் துப்பாக்கியைப் போட்ட பிறகே அந்தத் தெருவுக்குள் போங்கள். எந்த நகரத்திலும் 1,000 அடிக்குள் ஒரு பள்ளி வராத சாலை அபூர்வம். வரைபடத்தில் ஒரு தடவை வட்டம் போட்டுப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள்.

கோயிலுக்கு?

கோயில் தனியார் இடம். வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தால் மதியுங்கள். இல்லை என்றால் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மாநிலங்களில் வழிபாட்டுத் தலங்களுக்குத் தனி விதியும் உண்டு. அப்புறம், அங்கப்பிரதட்சணம் செய்கிறவர் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

கல்யாண ரிசப்ஷனில் ஒரே ஒரு கிளாஸ் ஒயின்?

கார் ஓட்டுவதற்கு இருக்கும் 0.08 போன்ற அளவு எதையும் லியோசா எழுதி வைக்கவில்லை. 'மதுவின் தாக்கத்தில் இருக்கக் கூடாது' என்கிறது. தாக்கம் எந்த அளவில் தொடங்குகிறது என்பதைப் பிறகு ஒரு வழக்கறிஞர் ஜூரியிடம் வாதாடுவார், உங்கள் வேலையைப் பணயமாக வைத்து. பல துறைகளின் விதியும் இதைவிடக் கடுமையானது. குடிக்கிற நாள் என்றால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

என் துறை 'ட்யூட்டி இல்லாதபோது துப்பாக்கி கூடாது' என்கிறது. லியோசா அதையும் தாண்டுமா?

லியோசா உங்களை மாநிலக் குற்றச் சட்டத்திலிருந்து காக்கும், முதலாளியிடமிருந்து காக்காது. துப்பாக்கி எடுத்துச்செல்லத் துறையின் அனுமதி தேவை என்பதே அதன் ஒரு நிபந்தனை. துறை விதியை மீறினால் வேலை போகலாம். அனுமதியையே துறை திரும்பப் பெற்றால் லியோசா தகுதியும் அதோடு போகும்.

எந்தத் துப்பாக்கி, என்ன தோட்டா?

சொந்தத் துப்பாக்கியும் ஆகும், துறை கொடுத்ததும் ஆகும். இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர், குண்டுவீசி வகைகள் கிடையாது. 2010 அக்டோபரில் வந்த திருத்தம் தோட்டாக்களையும் சேர்த்தது. மத்தியச் சட்டம் தடுக்காத தோட்டா எதுவும் சரி.

நியூஜெர்சி நீண்ட காலமாகக் குழிமுனைத் தோட்டாக்களை (பட்டதும் விரியும் வகை)க் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டும் வருடத்துக்கு இரண்டு சுடும் தேர்வும் வேண்டும் என்றும் அந்த மாநிலம் சொல்லிவந்தது. 2024 பிப்ரவரியில் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், லியோசாவுக்குத் தகுதியுள்ள ஓய்வு பெற்ற அலுவலர்கள் மேல் இவற்றைச் சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது.

மேகசின், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு, வேறு கதை. 'தோட்டா' என்று எழுதியவர்கள் 'மேகசின்' என்று எழுதவில்லை. நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 10 தோட்டா வரம்பு இருக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து அங்கே போகிறவர்களுக்கு என் யோசனை: 10 தோட்டா மேகசின் ஒன்றைப் பயணத்துக்கென்றே வாங்கி வையுங்கள். அதிகம் போனால் முப்பது, நாற்பது டாலர். வக்கீல் கட்டணம் உங்களுக்கே தெரியும்.

வேறு மாநிலத்தில் என் கண் முன்னால் கொள்ளை நடந்தால் நான் போலீஸாகத் தலையிடலாமா?

லியோசா துப்பாக்கியை எடுத்துச்செல்ல விடுகிறது, அதிகாரத்தை எடுத்துச்செல்ல விடுவதில்லை. எல்லை தாண்டியதும் நீங்கள் தற்காப்பு உரிமை உள்ள குடிமகன், அவ்வளவே. நீங்கள் சுட்டால் அந்த மாநிலத்தின் தற்காப்புச் சட்டம்தான் உங்களை அளக்கும். வந்து சேரும் போலீஸ்காரருக்கு நீங்கள் யாரென்று தெரியாது. அவர் கண்ணில் படுவது கையில் துப்பாக்கியோடு நிற்கும், சீருடை இல்லாத ஒரு பழுப்பு நிற மனிதர். இதை நம் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். 911க்குப் போன் செய்யுங்கள், உங்கள் சட்டை நிறத்தைச் சொல்லுங்கள், உயிர் போகும் நிலை இல்லை என்றால் துப்பாக்கி உறையிலேயே இருக்கட்டும்.

ரோட்டில் போலீஸ் நிறுத்தினால்?

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். உள் விளக்கைப் போடுங்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்: 'நான் இன்ன துறை அலுவலர், ட்யூட்டியில் இல்லை, வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்யட்டும்?' சில மாநிலங்களில் இப்படிச் சொல்வது சட்டக் கட்டாயம், மற்ற இடங்களில் மரியாதை. அட்டையைத் துப்பாக்கி இருக்கும் பக்கத்துப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். அட்டையை எடுக்கப் போகும் கை ஆயுதத்தை எடுக்கப் போவதுபோல் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு?

926சி வேறு கணக்கு. நல்ல நிலையில் விலகியிருக்க வேண்டும். மொத்தம் 10 வருடம் பணி செய்திருக்க வேண்டும். முதலில் 15 வருடமும் உறுதியான ஓய்வூதிய உரிமையும் கேட்டார்கள், 2010 திருத்தம் இதைத் தளர்த்தியது. பணியினால் ஏற்பட்ட ஊனத்தால் விலகியவருக்கு, தகுதிகாண் காலத்தை முடித்திருந்தாலே போதும். மனநலக் காரணத்தால் தகுதியிழந்து விலகியிருக்கக் கூடாது. அப்புறம் ஒவ்வொரு 12 மாதத்துக்குள்ளும், பணியில் இருப்பவர்களுக்கான சுடும் தேர்வை உங்கள் சொந்தச் செலவில் தேற வேண்டும்.

நான் ஒவ்வொரு அக்டோபரிலும் போகிறேன். காலை ஏழு மணிக் குளிரில் வரிசையில் நாங்கள் ஒரு டஜன் கிழவர்கள். ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை, ஒருவருக்கு இருகுவியக் கண்ணாடி. மண்டியிட்டுச் சுடும் கட்டம் வரும்போது எழுந்திருக்க ஒருவருக்கொருவர் கை கொடுப்போம். தேறியதும் தரும் சீட்டை அன்றைக்கே பர்ஸில் வைத்துவிடுவேன். தேதி ஒருநாள் தாண்டினாலும் அது வெறும் காகிதம்.

பழைய துறை ஓய்வு அட்டை தர மறுத்தால்?

இதற்கு நாடு முழுவதும் ஒரே பதில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டி.சி. சர்க்யூட்டும் மூன்றாம் சர்க்யூட்டும் வழக்குக்கு வழி இருக்கிறது என்கின்றன. புளோரிடா உள்ளிட்ட மாநிலங்களின் பதினோராம் சர்க்யூட் 2019இலும், மேரிலாந்து உள்ளிட்ட மாநிலங்களின் நான்காம் சர்க்யூட் 2020இலும் கதவை மூடிவிட்டன. ஒரே மாதிரி உழைத்த இரண்டு பேர், வாழும் ஊரால் இரண்டு விதமாக நடத்தப்படுகிறார்கள். ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் முன்பே, இன்னும் சீருடையில் இருக்கும்போதே, அட்டையைப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு உங்கள் போனை எடுக்கவே ஆள் இருக்காது.

என் மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம். அது பிரச்சினையா?

பிரச்சினைதான். மத்தியச் சட்டம் கஞ்சா பயன்படுத்துபவரைத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதவர் பட்டியலில் வைத்திருக்கிறது, மாநிலம் அனுமதித்தாலும். குடும்ப வன்முறையில் சிறு குற்றத் தண்டனை பெற்றவருக்கும் 1996 முதல் தடை உண்டு. போலீஸ் என்பதற்காக அதில் தளர்வு கிடையாது, ட்யூட்டித் துப்பாக்கிக்கும் சேர்த்துத்தான். வீட்டில் சண்டை முற்றுகிறது என்றால் உதவி கேளுங்கள். கேட்ட யாரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

விமானத்தில்?

கேபினில் கிடையாது. ஆயுதத்தோடு பறப்பதற்குத் தனிப் பயிற்சியும் அலுவல் தேவையும் வேண்டும், லியோசா அதைத் தராது. குண்டு நீக்கி, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் சொல்லிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

கனடாவுக்கோ சென்னைக்கோ போனால்?

எல்லையைத் தாண்டியதும் லியோசா இல்லை. நயாகராவில் அந்தப் பக்க அருவியைப் பார்க்கப் போகிறவர்கள் பாலத்துக்கு முன்பே துப்பாக்கியை இந்தப் பக்கம் பத்திரமாக விட்டுவிட வேண்டும்.

இந்தியாவில் 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு தோட்டாவுக்கும் பொருந்தும். சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோன அதே முதுகுப் பையைப் பிள்ளைகளின் துணி வைக்க எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவோடு விமான நிலையத்தில் ஸ்கேனரில் மாட்டுவது எளிது. தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைக் கோர்ட் பார்க்கும். ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டும் லீவும் கையில் இருக்காது. பயிற்சிப் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தாக வேண்டும் என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தரையில் வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்து உதறி, தையல் ஓரங்களில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். போன வருடம் என் பையிலிருந்து இப்படித்தான் ஒரு 9 எம்.எம். உருண்டு வந்தது, கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு.